மாலுமியும் கப்பல் முதலாளியும்

கொள்ளைநோய் ஊரை உலுக்குங் காலத்திலே வைத்தியன் செய்த பிழையால் ஓர் உயிர் போகுமாயின், அதற்கு விடை கூற வேண்டியவர் யார்? இது சட்ட நூல்களோடு நின்றுவிடும் வினாவன்று. நெருக்கடி வந்தால் அறம் தளர்ந்து கொடுக்கலாமா, கொடுக்கலாமாயின் யாருக்காகத் தளர்ந்து கொடுக்க வேண்டும் என்ற பழைய கேள்வியே இங்கு மீண்டும் எழுகின்றது. கொவிட் நோய் பரவிய 2020ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்கள், வைத்தியர்மீதும் வைத்தியசாலைகள்மீதும் நோயாளர் வழக்குத் தொடர முடியாதவாறு பாதுகாப்பு விதிகளை அவசர அவசரமாக ஆக்கின. அவற்றுள் நியூயோர்க் மாநிலத்துச் சட்டத்தை நாம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கின்றோம். அது 2020 ஏப்ரிலிற் பிறந்து 2021 ஏப்ரிலில் மடிந்தது. ஓராண்டே வாழ்ந்த சட்டமாதலின் அதன் சாதகத்தை முழுமையாக வாசித்துவிடலாம்.

அந்த வசந்த காலத்து நியூயோர்க்கை நாம் மறந்துவிடலாகாது. வைத்தியசாலை நடைபாதைகளிலே கட்டில்கள்; வாசலிலே பிணங்களை வைப்பதற்குக் குளிரூட்டிய லொறிகள். ஓய்வு பெற்ற வைத்தியர்கள் மீண்டும் பணிக்கு வருமாறு அழைக்கப்பட்டனர். வேறு துறைகளிற் பயின்ற வைத்தியர்கள் மூச்சுத் திணறும் நோயாளரின் அருகே நிறுத்தப்பட்டனர். ஒரு சுவாசக் கருவியை இரு நோயாளருக்குப் பொதுவாக்கவும் அனுமதி வழங்கப்பட்டது. பாதுகாப்பு அங்கி இல்லாமையாற் குப்பை போடும் பைகளை உடலிற் சுற்றிக்கொண்டு தாதிமார் நின்ற படம் பத்திரிகையில் வெளிவந்தது. உலகின் மிகச் செல்வம் படைத்த நகரங்களுள் ஒன்றிலே இது நடந்தது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இத்தகைய இரவொன்றிலே, பதினாறு மணி நேரம் நின்று களைத்த ஒரு வைத்தியர் மருந்தின் அளவைத் தவறாகக் கணித்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளின் பின், அமைதியான நீதிமன்ற அறையிலே, நன்றாக உறங்கி எழுந்த வழக்கறிஞர் ஒருவர் அவரை நோக்கி, ‘ஏன் மறுமுறை சரிபார்க்கவில்லை?’ என்று வினவுவது நியாயமாகுமா? ஆகாது என்றே எமது மனம் கூறுகின்றது. அவ்வாறு கூறும் மனத்தை நாம் குறை சொல்வதற்கில்லை.

அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறநூலின் மூன்றாம் பகுதியிலே ஒரு கப்பலைக் காட்டுகின்றார். புயலில் அகப்பட்ட கப்பலைக் காப்பாற்ற மாலுமி சரக்கைக் கடலில் எறிகின்றான். அவன் செயல் தன்விருப்பாற் செய்ததா, கட்டாயத்தாற் செய்ததா? பொதுப்பட நோக்குமிடத்து எவனும் பொருளைக் கடலிற் கொட்ட விரும்பான். ஆயினும் அந்தக் கணத்திலே, கப்பலில் உள்ளோரின் உயிரைக் காக்க, அறிவுடைய எவனும் அதனையே செய்வான். இத்தகைய செயல்களைக் கலப்புச் செயல்கள் என அவர் வகுத்தார். மனித இயல்பு தாங்கவொண்ணாத நெருக்கடியிலே தகாதது செய்தவனுக்குச் சில வேளைகளில் மன்னிப்பும் உண்டு என்றார். வைத்தியருக்குச் சட்டப் பாதுகாப்புக் கோருவோரின் வாதம், அதன் சட்டச் சொற்களையெல்லாம் களைந்து பார்த்தால், இந்த மாலுமியின் வாதமே.

உண்மையில் இம்மாலுமிக்குச் சட்டத்தில் ஏற்கனவே இடமுண்டு. ஆங்கிலச் சட்ட மரபிலே வைத்தியரின் கவனயீனம் என்பது, அதே நிலையில் நின்ற தகுதியுள்ள வேறொரு வைத்தியர் எவ்வாறு நடந்திருப்பார் என்ற அளவுகோலால் அளக்கப்படுவது. நடைபாதையிலே கட்டில் போட்ட இரவை, கட்டில்கள் வெறுமையாய்க் கிடந்த இரவோடு ஒப்பிட்டு நீதிபதி தீர்ப்பளிக்க மாட்டார். அங்ஙனமாயின் புதிய பாதுகாப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். இதற்கு வைத்தியர்கள் கூறும் பதிலில் நியாயம் உண்டு. வழக்கில் வெல்வது வேறு, வழக்கே இல்லாதிருப்பது வேறு. குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வருமுன்னர் அவர் இழக்கும் உறக்கமும் பணமும் நற்பெயரும் ஒரு தண்டனைதான். அத்தண்டனைக்கு அஞ்சி ஓய்வு பெற்ற வைத்தியர் வீட்டோடு இருந்துவிட்டால் இழப்பு நோயாளருக்கே.

பழியை ஒருவர் தலையிற் சுமத்திவிட்டுச் சமுதாயம் கை கழுவிக்கொள்ளும் என்ற அச்சமும் கற்பனையன்று. வால்டெமார் ஹாஃப்கின் என்பாரின் கதையை நாம் மாணவருக்குச் சொல்வது வழக்கம். ஒடெசா நகரிற் பிறந்த யூதரான அவர், பம்பாயிற் பிளேக் பரவியபோது அதற்குத் தடுப்பு மருந்து கண்டு, 1897 ஜனவரியில் அதனை முதலிலே தமது உடலில் ஏற்றிச் சோதித்தார். 1902 ஒக்டோபர் 30ஆந் திகதி பஞ்சாபிலுள்ள முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு அம்மருந்து ஏற்றப்பட்டது. ஒரே போத்தலில் இருந்து மருந்து பெற்ற 19 பேர் ஏற்புவலியால் இறந்தனர். விசாரணைக்குழு பம்பாயிலிருந்த அவருடைய ஆய்வுகூடத்தின்மீதே பழி போட்டது. அவர் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டார். அந்தப் போத்தலைத் திறந்த உதவியாளர், நிலத்தில் விழுந்த இடுக்கியைத் தக்கபடி சுத்திகரியாது அதனையே பயன்படுத்தினார் என்ற செய்தி உரிய கவனத்தைப் பெறவில்லை. 1907இல் ரொனால்ட் றொஸ் முதலிய விஞ்ஞானிகள் இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையிலே பகிரங்கக் கடிதம் எழுதிய பின்னரே அவர்மீது இருந்த களங்கம் நீங்கியது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்! அதற்குள் அவருடைய ஆராய்ச்சி வாழ்வின் சிறந்த பகுதி கழிந்துவிட்டது.

இக்கதையிலே நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹாஃப்கினைப் பதவியிலிருந்து இறக்கியவர்கள் முல்கோவால் மக்களல்லர். அவரைப் பணிக்கு அமர்த்திய அரசாங்கமே இறக்கியது. அதே அரசாங்கம் ஐந்தாண்டுக்கு முன்னர், 1897இலே, கொள்ளைநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றி, அதன் நான்காம் பிரிவிலே, அச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்தோடு செய்த எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடர முடியாது என்று எழுதி வைத்திருந்தது. (நமது நாட்டின் தொற்றுநோய்த் தடைகாப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1897ஆம் ஆண்டின் பிள்ளையே. 2020இற் கொவிட் ஒழுங்குவிதிகளும் அதன் மடியிலேயே பிறந்தன.) அந்தப் பாதுகாப்பை அன்று எண்ணிப் பார்த்தவர் யார்? பூனா நகரிலே பிளேக் நோயாளரைத் தேடுகிறோம் என்று வீடு வீடாகப் புகுந்த படையினரின் நடத்தையால் மக்கள் கொதித்தெழுந்தனர். பிளேக் ஆணையாளர் றாண்ட் 1897 ஜூனில் சாப்பேக்கர் சகோதரர்களாற் சுடப்பட்டார். வழக்கு மன்றத்தின் கதவை அடைத்த இடத்திலே துப்பாக்கி பேசியது என்று கூறுவது மிகையாகலாம். ஆயினும் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். இத்தகைய பாதுகாப்பு, நோயாளியின் கையிலிருந்து உத்தியோகத்தரைக் காக்கின்றது. மேலிடத்தின் கையிலிருந்து ஊழியரைக் காப்பதில்லை.

2020இலும் இதுவே நடந்தது. முகக்கவசம் போதவில்லை, அங்கி போதவில்லை என்று வெளியிலே வாய் திறந்த வைத்தியரும் தாதிமாரும் சிலர் அமெரிக்காவில் வேலை இழந்தனர். அவ்வாண்டு பிறந்த பாதுகாப்புச் சட்டங்கள் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் அளிக்கவில்லை. வைத்தியரை வீரர் என்று போற்றி, அவர் பெயரைச் சொல்லி இயற்றிய சட்டத்திலே, அவர் உண்மையில் அஞ்சிய முதலாளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இனி அரிஸ்டோட்டிலின் கப்பலுக்கு மீள்வோம். அவர் புயலைப் பார்த்தார், மாலுமியைப் பார்த்தார். கப்பல் யாருடையது, அதிலே எவ்வளவு பாரம் ஏற்றப்பட்டது, அடிப்பலகை எந்த நிலையில் இருந்தது என்ற வினாக்கள் அவருடைய ஆராய்ச்சிக்குள் வரவில்லை. அடிமைகளின் உழைப்பிலே நின்ற சமுதாயத்தின் சிந்தனையாளருக்கு அவை தோன்றாமை வியப்பன்று. அவ்வினாவைக் கேட்டவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றினார். அக்காலத்துப் பிரித்தானியக் கப்பல் முதலாளிகள் சிலர், பழுதடைந்த கலங்களிலே மட்டுமீறிய பாரத்தை ஏற்றிக் கடலுக்கு அனுப்பினர். கரை சேர்ந்தால் இலாபம். மூழ்கினாற் காப்புறுதிப் பணம். ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்று மக்கள் இவற்றுக்குப் பெயரிட்டனர். டார்பி நகரின் பாராளுமன்ற உறுப்பினரான சாமுவேல் பிளிம்சோல் 1873இல் இதனைப் பற்றி ஒரு நூலெழுதி, முதலாளிகளின் பகைக்கு ஆளாகி, விடாப்பிடியாகப் போராடினார். 1876இற் பிறந்த சட்டம், ஒவ்வொரு கப்பலின் விலாவிலும் பாரத்தின் எல்லையைக் காட்டும் கோடு ஒன்றை வரைய வேண்டும் என விதித்தது. இன்றும் அக்கோட்டுக்கு அவர் பெயரே வழங்குகின்றது. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. கோடு வேண்டும் என்று சொன்ன சட்டம், அதனை எங்கே வரைவது என்பதை முதலிற் கப்பல் முதலாளியிடமே விட்டிருந்தது! பல ஆண்டுகளின் பின்னரே அக்குறை நீக்கப்பட்டது.

புயல் மாலுமியை மன்னிக்கச் சொல்கின்றது. நாம் மன்னிக்கின்றோம். ஆனாற் புயல் அடித்த வேளையிலே முதலாளி கப்பலில் இல்லை. பாரத்தை ஏற்றிய நாளிலே கடல் அமைதியாகவே இருந்தது. அவர் செய்த தெரிவு நிதானமாக, கணக்கேட்டை விரித்து வைத்துக்கொண்டு, மேசையருகே அமர்ந்து செய்த தெரிவு. அதிலே கலப்பு ஏதும் இல்லை. மாலுமிக்கு உரிய மன்னிப்பை அவருக்கும் உரித்தாக்குவதற்கு எந்த அறநூலிலே ஆதாரம் தேடுவது?

நியூயோர்க் சட்டம் செய்தது இதுவே. 2020 மார்ச் 23இல் ஆளுநர் அன்றூ கூமோ நிறைவேற்று ஆணையொன்றின் மூலம் வைத்தியர், தாதிமார் முதலியோருக்குப் பாதுகாப்பு வழங்கினார். அதனோடு நின்றிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுத வேண்டி வந்திராது. பதினொரு நாட்களின் பின், ஏப்ரில் 3ஆந் திகதி கையொப்பமான வரவு செலவுத் திட்டச் சட்டத்தின் உள்ளே, அவசரகாலச் சிகிச்சைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பகுதி இருந்தது. அது மார்ச் 7ஆந் திகதியிலிருந்து பின்னோக்கியும் செல்லுபடியாயிற்று. பாதுகாப்புப் பெறுவோரின் பட்டியலிலே வைத்தியரையும் தாதியையும் அடுத்து, நிறுவனத்தின் நிருவாகிகள், நிறைவேற்று உத்தியோகத்தர்கள், மேற்பார்வையாளர்கள், பணிப்பாளர் சபை உறுப்பினர்கள், தருமகர்த்தாக்கள் ஆகியோரும் இடம் பெற்றனர். வைத்தியசாலைகள் மட்டுமன்றி முதியோர் பராமரிப்பு இல்லங்களும் உள்ளடங்கின. பணிப்பாளர் சபை உறுப்பினர் எவரும் குப்பைப் பையை உடுத்துக்கொண்டு நோயாளியின் அருகே நின்றதாக நாம் அறியோம்.

சட்டத்திலே விதிவிலக்குகள் இல்லாமலில்லை. வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கும் பாரதூரமான கவனயீனத்துக்கும் பாதுகாப்பு இல்லை என்று அது கூறியது. மேலோட்டமாக வாசிப்போர் இவ்விடத்திலே மனம் ஆறியிருப்பர். ஆயின் அதே வாக்கியத்தின் வால் இவ்வாறு தொடர்ந்தது: வளப் பற்றாக்குறையாலோ ஊழியர் பற்றாக்குறையாலோ எழுந்த செயல்களும் தீர்மானங்களும் அத்தகைய கவனயீனமாகக் கொள்ளப்படமாட்டா. மாநிலத்தின் பெரிய வைத்தியசாலைகளது சங்கம், இச்சட்ட வாசகத்தைத் தானே வரைந்து, அதன் பொருட்டுத் தீவிரமாக உழைத்ததாகத் தன் உறுப்பினருக்கு அறிவித்துக்கொண்டது. கோட்டை எங்கே வரைவது என்பது மீண்டும் கப்பல் முதலாளியிடமே விடப்பட்டது.

ஊழியர் பற்றாக்குறை என்ற அந்தச் சொற்றொடரைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். பற்றாக்குறை என்ற சொல்லிலே வினை செய்தவன் இல்லை. மழை பற்றாமற் போவதுபோல ஊழியரும் பற்றாமற் போயினர் என்று அது ஒலிக்கின்றது. முப்பது முதியோருக்கு ஒரு தாதி என்று ஓர் இல்லம் நடக்குமாயின், அந்த எண்ணை யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கின்றார். அதனால் மிச்சமான சம்பளம் எங்கோ ஒரு கணக்கிலே வரவு வைக்கப்பட்டிருக்கின்றது. 2021 ஜனவரி 28ஆந் திகதி மாநிலத்தின் சட்டமா அதிபர் லெற்றீசியா ஜேம்ஸ் வெளியிட்ட அறிக்கை இதனை எண்களாற் காட்டியது. மாநிலத்திலிருந்த 619 முதியோர் இல்லங்களுள் 401 இலாப நோக்கில் நடத்தப்பட்டவை. அவற்றுள் 280 இல்லங்கள், ஊழியர் தொகையை அளவிடும் மத்திய அரசின் தரவரிசையிலே மிகக் கீழான இரு படிகளில் நின்றவை. இந்தத் தரம் கொள்ளைநோய் வந்த பின்னர் வழங்கப்பட்டதன்று. இறப்புக்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை இந்த 280 இல்லங்களிலேயே நிகழ்ந்திருந்தன. இல்லங்களைச் சேர்ந்த இறப்புக்களைச் சுகாதாரத் திணைக்களம் ஐம்பது வீதம் வரையிற் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்றும் அவ்வறிக்கை சுட்டியது. வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற பின் இறந்தோரை இல்லத்துக் கணக்கிற் சேர்க்காமை அதற்கு ஒரு காரணம். சட்டப் பாதுகாப்பை நீக்கவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

நாம் முதலிலே நினைவிற் கொள்ளுமாறு வேண்டிய செய்தி இங்கேதான் பொருள் பெறுகின்றது. 2020இலே வந்த நோய்க்கிருமியை எவரும் முன்னறிந்திலர். அதன் பொருட்டு எவரையும் குற்றஞ் சாட்டுதல் தகாது. அக்கிருமி வந்து புகுந்த வீட்டிலே ஆட்கள் இல்லை என்பது பல ஆண்டுகளாக அறியப்பட்டிருந்தது. அறியப்பட்டிருந்த ஒன்றை, அறியப்படாத ஒன்றின் முதுகிலே ஏற்றி அனுப்பிவிட்டனர்.

இதற்கு எதிராக ஒரு வாதம் கூறப்படுவதுண்டு. நிறுவனமும் மனிதரால் ஆனதே. வழக்குக்கு மேல் வழக்காக வந்து வைத்தியசாலை நொடித்துவிட்டால் மூடப்படும் வாசலில் நிற்பவர் ஏழை நோயாளரே அல்லரா என்கின்றனர். வறிய பகுதியொன்றிலே கடனோடு நடக்கும் ஒரு தரும வைத்தியசாலையை மனத்திற் கொண்டால் இவ்வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் அத்தகைய வைத்தியசாலைக்கு வேண்டியது பொதுப்பணம். அதன் வறுமையைக் காட்டி, இலாபத்தைப் பங்கிட்டுக்கொண்ட இல்லத்துக்கும் அதே குடையைப் பிடிப்பது வேறு காரியம். ஏழையைத் திண்ணையில் இருத்திவிட்டு அவன் பெயரில் விருந்துண்ணும் வழக்கம் நம்மவருக்கும் புதிதன்று.

ஆசிரியராகிய நமக்கு இந்த நிலைமையை விளங்கிக்கொள்ள நியூயோர்க் வரை செல்ல வேண்டியதில்லை. பாடசாலையொன்றிலே இரண்டு வகுப்புக்களை ஒருங்கே பார்த்துக்கொள்ளும்படி எமக்குப் பணிக்கப்பட்ட ஒரு தவணை உண்டு. ஒரு வகுப்பிற் கணிதம் எழுதக் கொடுத்துவிட்டு மறு வகுப்பிலே நின்றபோது, முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் சன்னற் கட்டிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். விசாரணைக்கு வந்தவர்கள் நேரசூசியைக் கேட்டு வாங்கி, அந்தப் பாடவேளைக்கு யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தனர். இரண்டு பெட்டிகளிலும் எமது பெயரே இருந்தது. ஒருவர் பெயர் ஒரே வேளையில் இரண்டு பெட்டிகளில் எவ்வாறு வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. இதனை முறைப்பாடாகச் சொல்லவில்லை. சிறுவனின் கை நன்றாகப் பொருந்திவிட்டது. அன்று எம்மை மன்னித்துவிட்டோம் என்று அவர்கள் கூறியிருந்தாலும், அந்த வெற்றிடம் நிரப்பப்பட்டிராது என்பதையே சொல்ல வருகின்றோம்.

மாலுமியையும் முதலாளியையும் பிரித்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பார் உளர். பிரித்துப் பார்த்த ஒரு நிகழ்ச்சி அமெரிக்காவிலேயே இருக்கின்றது. 2005 ஓகஸ்ட் 29இல் கத்ரீனா புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. வெள்ளம் சூழ்ந்த மெமோரியல் வைத்தியசாலையிலே மின்பிறப்பாக்கிகள் செயலிழந்தன. இருளிலும் தாங்கவொண்ணாத வெக்கையிலும், நோயாளரைக் கைகளாற் சுமந்து மாடிப்படிகளில் இறக்கினர். இறுதியில் அங்கே 45 சடலங்கள் காணப்பட்டன. நோயாளர் சிலருக்கு மோர்பின் முதலிய மருந்துகளை ஏற்றி மரணத்தை விரைவித்தனர் என்ற குற்றச்சாட்டில் ஒரு பெண் வைத்தியரும் இரு தாதியரும் 2006 ஜூலையிற் கைது செய்யப்பட்டனர். ஓராண்டின் பின், வழக்குத் தொடரப் போதிய காரணம் இல்லை எனப் பெரும் ஜூரிச் சபை வைத்தியரை விடுவித்தது. அந்த அறைகளில் நடந்தவற்றின் மெய்ந்நிலையைத் தூரத்தில் இருந்து நாம் தீர்ப்பதற்கில்லை. 2008இலே லூசியானா மாநிலம் அனர்த்த காலத்து வைத்தியருக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டங்களை இயற்றியபோது, அந்த வைத்தியரே அதற்காக முன்னின்று உழைத்தார். அவருடைய வேண்டுகோளில் நியாயம் இருந்தது.

மறுபுறத்திலே நோயாளரும் அவர்தம் குடும்பத்தினரும் வைத்தியசாலையின் உரிமையாளரான ரெனற் நிறுவனத்தின்மீது உரிமை வழக்குத் தொடர்ந்தனர். அவர்கள் கேட்டவை வேறு வகையான கேள்விகள். வெள்ளம் வரும் நகரிலே மின்சார ஒழுங்குகள் ஏன் தாழ்வான இடத்தில் இருந்தன? நோயாளரை வெளியேற்றத் தக்க திட்டம் இருந்ததா? 2011இல் அந்நிறுவனம் 25 மில்லியன் டொலர் வழங்கி வழக்கைச் சமரசமாகத் தீர்த்துக்கொண்டது. கட்டிலருகே நின்றவரை ஒரு மன்றம் விடுவித்தது. கட்டடத்துக்கு உடையவர் மறுமன்றத்திலே பதில் கூற நேர்ந்தது. நீதி முழுமையாகக் கிடைத்தது என்று நாம் சொல்லமாட்டோம். இரண்டு கதவுகளும் தனித்தனியே இருந்தன என்றே சொல்கின்றோம். நியூயோர்க் சட்டம் முதற் கதவை மூடுவதாகச் சொல்லி இரண்டாவதையும் சேர்த்து அடைத்தது.

சிலப்பதிகாரத்தை வகுப்பிலே நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நாம் ஓர் இடத்திலே நின்றுவிடுகின்றோம். கோவலனை வெட்டியவன் கல்லாத, குடித்த ஒரு காவலன். அவன் பெயரைக்கூட இளங்கோ சொல்லவில்லை. கண்ணகி அவனைத் தேடிச் செல்லவில்லை. அவன் வாள் யாருடைய சொல்லுக்கு அசைந்தது என்பதை அவள் அறிவாள். நேரே அரண்மனை வாயிலுக்கே போகின்றாள். பாண்டியனும் காவலன் அவசரப்பட்டுவிட்டான் என்று கூறித் தப்பிக்க முயலவில்லை. பொற்கொல்லன் பொய் சொல்லிவிட்டான் என்று அவன் தலையில் மட்டும் போட்டுவிடவும் இல்லை. தன் குற்றம் என்று ஏற்று அரியணையிலேயே உயிர் துறக்கின்றான். மாணவர் இதனைக் கற்பின் வெற்றி என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். பொறுப்பு மேல்நோக்கிச் செல்ல வேண்டியது என்ற அரசியல் உண்மை அதிலே கிடப்பதை யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

இன்னும் ஒருவரைப் பற்றி நாம் பேசாமலே வந்துவிட்டோம். மாலுமியை மன்னித்தாயிற்று, முதலாளியை மன்றுக்கு அழைத்தாயிற்று. கடலில் எறியப்பட்டது சரக்கன்று, ஒரு தாய் எனின், அவளுடைய பிள்ளைகளுக்கு யார் என்ன கொடுப்பது? செய்தவர் மன்னிக்கப்பட்டதனால் நேர்ந்த இழப்பு இல்லாமற் போய்விடுவதில்லை. வைத்தியருக்குப் பாதுகாப்பளிக்கும் சமுதாயம், அவர் இறக்கி வைத்த சுமையைத் தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1976இலே பன்றிக் காய்ச்சலுக்கு அஞ்சி அமெரிக்க அரசாங்கம் நாடளாவிய தடுப்பூசி இயக்கத்தைத் தொடங்கியபோது, காப்புறுதிக் கம்பனிகள் தடுப்பூசித் தயாரிப்பாளருக்குக் காப்பளிக்க மறுத்தன. அப்பொழுது இயற்றிய சட்டம், பாதிக்கப்பட்டோரின் வாயை அடைக்கவில்லை. வழக்கு வந்தால் அதில் அரசாங்கமே எதிராளியாக நிற்கும் என்றது. நாற்பது மில்லியனுக்கு மேற்பட்டோர் ஊசி பெற்ற பின், நரம்புகளைத் தளரச் செய்யும் கியன்-பரே நோய் சிலருக்குக் கண்டமையால் அவ்வாண்டு டிசம்பரில் இயக்கம் நிறுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டோர் நட்டஈடு கேட்டு அரசாங்கத்திடமே சென்றனர். நியூசீலந்து 1974 முதல், விபத்தாலோ சிகிச்சையாலோ தீங்குற்றவர் எவர் தவறு என்று நிறுவாமலே பொது நிதியிலிருந்து உதவி பெறும் முறையை நடத்தி வருகின்றது. இவற்றிலே குறைகள் உண்டு. ஆனால் மன்னிப்பின் விலையை இறந்தவரின் குடும்பத்தவரிடம் அறவிடும் கொடுமை இல்லை.

நியூயோர்க்கிலே அந்த விலையைக் கட்டியோர் அக்குடும்பத்தினரே. சட்டசபை உறுப்பினர் ரொன் கிம், தமது உறவினர் ஒருவரை முதியோர் இல்லத்தில் இழந்தவர், சட்டத்தை நீக்கும் முயற்சியில் முன்னின்றார். 2020 ஓகஸ்ட்டிலே அதன் எல்லை ஓரளவு குறுக்கப்பட்டது. 2021 ஏப்ரில் 6ஆந் திகதி, அதனை ஆக்கிய அதே ஆளுநரின் கையொப்பத்தோடு, அது முற்றாக நீக்கப்பட்டது. வைத்தியர்கள் அதனாற் பணியை விட்டு ஓடிவிடவும் இல்லை.

ஆனாற் சட்டம் ஆக்கப்பட்டபோது மார்ச் 7 வரை பின்னோக்கிச் சென்றது. நீக்கப்பட்டபோது பின்னோக்கிச் செல்லவில்லை. நீக்கம் முன்னைய இறப்புக்களுக்குப் பொருந்தாது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022இலே தீர்ப்பளித்தது. ஆகையால் அந்த வசந்த காலத்திலே தாயை இழந்த ஒருத்தி இன்று வழக்கோடு வந்து நிற்கும்போது, அந்த இரவிலே அந்த மாடியிற் கடமையில் இருந்த தாதிமார் எத்தனை பேர் என்று காட்டும் ஏட்டை எவரும் திறக்குமுன்னர், தாய் இறந்த திகதி எது என்ற கேள்வியே முதலிற் கேட்கப்படுகின்றது.